வெயிலும் கிறீமும்: தோல் அழற்சி பற்றி மொன்றியலிலிருந்து சில குறிப்புகள்

ஒவ்வொரு வருடமும் பங்குனி, சித்திரையில் வருமான வரிப் படிவம் நிரப்புவதற்காக எங்கள் சனம் மருந்துக்கடைப் பற்றுச்சீட்டுகளைப் பையோடு கொண்டுவந்து என் மேசையில் கொட்டும். மருத்துவச் செலவுக் கழிவுக்காக அவற்றைக் கூட்டிப் பார்ப்பது என் வேலை. இத்தனை வருடம் கூட்டியதில் எனக்குப் பாடமாகிப்போன மருந்துப் பெயர்களில் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளுக்கு அடுத்ததாக நிற்பவை தோலுக்குப் பூசும் கிறீம்கள். பற்றுச்சீட்டே இல்லாத கிறீம்களும் உண்டு. அவை கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருகிறவர்களின் பயணப்பெட்டியில் வருபவை.

அப்படியொரு ரியூப்பை ஒரு தங்கச்சி என் மேசையில் வைத்து, "அண்ணை, இதையும் கணக்கிலை போடேலாதோ?" என்று கேட்டா. முகத்தை வெள்ளையாக்கும் கிறீம். பெட்டியில் சின்ன எழுத்தில் மூன்று மருந்துகளின் பெயர்கள் இருந்தன: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், மொமெற்றசோன். மூன்றாவது ஸ்டெரொயிட். நாலு வருடமாக முகத்தில் பூசுகிறாவாம். கன்னம் சிவந்து, நூல் நூலாக இரத்தக் குழாய்கள் தெரிந்தன. "ஊரிலை வெயிலுக்குள்ளையே வளர்ந்த எனக்கு இந்த நாட்டு வெயில் ஏன் இப்பிடி எரியுது?" என்பது அவவின் இரண்டாவது கேள்வி. முதற் கேள்விக்கு "ஏலாது" என்று உடனே சொல்லிவிட்டேன். இரண்டாவதுக்கு விடை தேடி வாசித்ததுதான் இந்தக் கட்டுரை. நான் படித்தது வர்த்தகம், மருத்துவம் அல்ல. ஆகவே இதில் உள்ளவை பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட விடயங்கள் மட்டுமே.

வெயில் பட்டால் உள்ளே நடப்பது

எங்கள் மேல்தோலில் பெரும்பங்கு கெரட்டினோசைற் எனப்படும் உயிரணுக்கள். பூமிக்கு வரும் புறஊதாக் கதிரில் ஏறத்தாழ 95 வீதம் 'ஏ' வகை. மிச்சம் 'பி' வகை. தோலை எரிப்பதில் முன்னுக்கு நிற்பது குறைந்த அளவில் வரும் இந்தப் 'பி' வகைதான். அது கெரட்டினோசைற்றின் கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையை நேரடியாகத் தாக்கி, பக்கத்துப் பக்கத்து எழுத்துக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். உயிரணு இதை ஆபத்து என்று உணர்ந்து இன்ரர்லியூக்கின்-1, ரி.என்.எஃப். அல்பா போன்ற தூதுப் பொருட்களை வெளியே விடும். புரொஸ்ரகிளாண்டின்களும் சேரும். அவை இரத்தக் குழாய்களை விரியச் செய்யும், வெள்ளணுக்களைக் கூப்பிடும். சிவப்பு, சூடு, வீக்கம், நோவு என்று நாங்கள் காண்பது இதைத்தான். இதற்கு அழற்சி என்று பெயர்.

எரிவு வெயிலில் நிற்கும்போது உச்சத்துக்கு வருவதில்லை. 12 மணி முதல் 24 மணி நேரம் கழித்தே வரும். மொன்றியலில் ஆடி மாதம் பூங்காவில் ஒன்றுகூடலுக்குப் போய்வந்து அடுத்த நாள் காலை முகம் எரியும்போது, முதல் நாள் சாப்பாட்டைக் குற்றம் சொல்வது எங்கள் வழக்கம். எங்கள் நிறத்தில் சிவப்பும் எளிதில் தெரியாது. தொட்டால் சூடும் நோவும்தான் தெரியும். கடைசியில் மிஞ்சுவது கறுப்புத் தழும்பு. அழற்சி வந்த இடத்தில் மெலனின் கூடுதலாகக் கொட்டப்படுவதால் பரு, பூச்சிக்கடி, எக்ஸிமா எது வந்து போனாலும் எங்கள் தோல் அந்தக் கறுப்பை மாதக்கணக்கில் வைத்திருக்கும். வெள்ளையாக்கும் கிறீம் வியாபாரத்துக்கு முதல் போடுவது இந்தக் கறுப்புத்தான்.

வெயிலுக்கு இன்னொரு குணமும் உண்டு. எரித்த அதே கதிர் பிறகு தோலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கவும் செய்யும். தோலின் மேற்பரப்பில் இயல்பாக உள்ள யூரோக்கானிக் அமிலம் கதிர் பட்டு உருமாறி எதிர்ப்பைத் தணிக்கிறது. தோலில் காவல் நிற்கும் லாங்கர்ஹான்ஸ் அணுக்கள் குறைகின்றன. தோற்புற்று வெயிலால் வருவதற்கு, சேதமான அணுக்களைக் கண்டுபிடித்து அழிக்கும் காவல் இப்படித் தளர்வதும் ஒரு காரணம். ஆனால் சொரியாசிஸ்காரருக்குக் கோடையில் தோல் சுகமாவதும் இதே தணிப்பால்தான். அதைத்தான் வைத்தியசாலைகளில் 311 நனோமீற்றர் அலைநீளத்தில் மட்டும் ஒளிவிடும் குழல் விளக்குகளால் அளவு பார்த்துக் கொடுக்கிறார்கள். ஒளியால் தோலைக் குணப்படுத்தியதற்கு டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் சித்த வைத்தியர்களும் வெண்புள்ளிக்குக் கார்போகரிசியைக் கையாண்டவர்கள். அந்த விதையில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. சோரலெனையும் 'ஏ' வகைக் கதிரையும் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையை மேற்கு நாடுகள் 1970களில்தான் பரவலாகக் கைக்கொண்டன. கார்போகரிசியை வீட்டில் அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் போய் நிற்க வேண்டாம், கொப்புளம் போடும்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர்

ஸ்டெரொயிட் கதையில் மொன்றியலுக்குப் பெரிய பங்கு உண்டு. இதை இங்கே வாழும் எங்களில் பலருக்குத் தெரியாது. 1907இல் வியன்னாவில் பிறந்து பிராக் நகரில் மருத்துவம் படித்த ஹான்ஸ் செல்யே, 1930களின் தொடக்கத்தில் மக்கில் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். எங்களைப் போல இன்னொரு மொழியில் கனவு கண்டுகொண்டு இங்கே வந்து சேர்ந்தவர். புதிய ஹோர்மோன் ஒன்றைத் தேடி எலிகளுக்குச் சூலகச் சாறு ஏற்றிப் பார்த்தார். எலிகளின் அதிரீனல் சுரப்பி பெருத்திருந்தது, தைமஸ் சுருங்கியிருந்தது, வயிற்றில் புண். ஹோர்மோனைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று மகிழ்ந்தார். பிறகு வேறு எதை ஏற்றினாலும், குளிரில் விட்டாலும், ஓடவிட்டாலும் அதே மூன்றும் வந்தன. ஹோர்மோன் கனவு போயிற்று. ஆனால் உடம்பு எந்தத் தாக்குதலுக்கும் ஒரே மாதிரி எழுந்து நிற்கிறது என்ற எண்ணம் பிறந்தது. 1936இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறிய கடிதமாக அதை வெளியிட்டார். இன்று எல்லோரும் வாய்க்கு வாய் சொல்லும் 'ஸ்ட்ரெஸ்' அங்கே தொடங்கியதுதான்.

1945இல் மொன்றியல் பல்கலைக்கழகத்துக்கு மாறி, பரிசோதனை மருத்துவத்துக்கான நிறுவனம் ஒன்றை நடத்தினார். 1982இல் இந்த நகரிலேயே காலமானார். அதிரீனல் சுரப்பியின் புறணியிலிருந்து வரும் ஹோர்மோன்களைக் 'குளுக்கோகோட்டிகொயிட்', 'மினரலோகோட்டிகொயிட்' என்று பிரித்துப் பெயர் வைத்தவர் அவர். எலியின் முதுகுத் தோலுக்குக் கீழே காற்றை ஏற்றி ஒரு பையாக்கி, அதற்குள் குரோட்டன் எண்ணெயை விட்டு அழற்சியை உண்டாக்கி, கோட்டிசோன் கொடுத்தால் அந்தப் பையின் சுவர் மெலிவதையும் உள்ளே ஊறும் நீர் குறைவதையும் அளந்து காட்டினார். அழற்சியைக் கணக்குப் போட்டு அளக்க ஒரு வழி கிடைத்தது. கணக்குக்காரன் என்பதால் எனக்கு இதில் தனி விருப்பம். (அதே கணக்குப் பார்வையில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். சிகரெட் கம்பனிகளிடமிருந்து அவர் பணம் பெற்றது பின்னாளில் வெளிவந்த அந்தக் கம்பனிகளின் ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது.)

மருந்தாக அதை முதலில் கொடுத்தது அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையில். கர்ப்பமானாலோ மஞ்சட்காமாலை வந்தாலோ மூட்டுவாதக்காரருக்கு நோவு குறைவதை ஃபிலிப் ஹென்ச் கவனித்திருந்தார். 1948 செப்ரெம்பரில் 29 வயதுப் பெண் ஒருவருக்குக் கோட்டிசோன் ஊசி போட்டார்கள். கட்டிலில் கிடந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்ரைன் மூவருக்கும் நோபல் பரிசு. அதற்குள்ளேயே முகம் ஊதுதல், எலும்பு மெலிதல், நீரிழிவு என்று மறுபக்கமும் தெரியத் தொடங்கிவிட்டது.

தோலுக்குக் கோட்டிசோனைப் பூசிப் பார்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை. ஏனென்றால் உடம்பு அதைக் கோட்டிசோலாக மாற்றிய பிறகே அது வேலை செய்யும். அந்த மாற்றம் பெரும்பாலும் ஈரலில் நடப்பது. 1952இல் நேரடியாகவே கோட்டிசோலை, அதாவது ஹைட்ரோகோட்டிசோனைப் பூசியபோது எக்ஸிமா அடங்கியது. அதன் மூலக்கூற்றில் புளோரின் போன்றவற்றைச் சேர்த்து வலுவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளில் எப்போதும் ஒரு மூலையில் கிடக்கும் பெற்னோவேற், அந்த வழியில் 1960களில் வந்த பீற்றாமெதசோன்.

ஒரே கை செய்யும் இரண்டு வேலை

ஸ்டெரொயிட் கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறு. கெரட்டினோசைற்றின் சவ்வைத் தாண்டி உள்ளே போய், அங்கே காத்திருக்கும் ஒரு வாங்கிப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டுமாகக் கருவுக்குள் போகும். அங்கே அழற்சிக் கட்டளைகளை எழுதவைக்கும் என்.எஃப். கப்பா-பி என்ற புரதத்தை வாயடைக்கச் செய்யும்; அதைப் பூட்டிவைக்கும் காவற் புரதத்தைக் கூடுதலாகச் செய்யவைக்கும்; புரொஸ்ரகிளாண்டின் உற்பத்திக்கான மூலப்பொருள் வெளியே வருவதையும் தடுக்கும். இப்படிப் பல வாசல்களை ஒரே நேரத்தில் மூடுவதால்தான் இந்த மருந்து இவ்வளவு வலுவானது. மரபணு மட்டத்தில் நடக்கும் வேலை என்பதால் சில மணி நேரம் எடுக்கும். பூசிய உடனே சொறிவு நிற்கவில்லை என்று இன்னொரு தரம் அள்ளிப் பூசுவதில் பலன் இல்லை.

ஆனால் கீழ்த்தோலில் கொலாஜென் செய்யும் அணுக்களையும் இதே மருந்து அடக்கும். தோல் மெலியும், இழுபட்ட கோடுகள் விழும், தாங்க ஆளில்லாத இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். அழற்சியைத் தணிப்பதும் தோலை மெலிவிப்பதும் ஒரே செயலின் இரண்டு விளைவுகள். ஒன்றை எடுத்து மற்றதை விடும் ஸ்டெரொயிட்டைத் தேடி ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக முயல்கிறார்கள்; முழுதாகப் பிரித்தவர் இல்லை.

வாசித்ததில் என்னை வியக்கவைத்தது வேறொன்று. தோல் தனக்குத் தேவையான கோட்டிசோலைத் தானே செய்கிறது. மூளையும் அதிரீனல் சுரப்பியும் பயன்படுத்தும் அதே தூதுத் தொடர் சிறிய அளவில் தோலுக்குள்ளும் இருக்கிறது. புறஊதாக் கதிர் பட்டால் அது விழித்துக்கொள்கிறது. அந்தத் தொடரிலுள்ள ஒரே தாய்ப் புரதத்தை வெட்டித்தான் கோட்டிசோலைக் கேட்கும் ஹோர்மோனும், தோலைக் கறுக்கச் சொல்லும் ஹோர்மோனும் வருகின்றன. வெயிலில் கறுப்பதும் அழற்சியைத் தணிப்பதும் தோலுக்கு ஒரே பாதுகாப்பு ஏற்பாட்டின் பகுதிகள். கறுப்பை எதிரியாக நினைத்து நாங்கள் பூசும் கிறீம் அந்த ஏற்பாட்டையே கலைக்கிறது.

அந்த முகத்துக்கு நடந்தது

ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், ஒரு ஸ்டெரொயிட் என்ற மூன்று சேர்ந்த கலவையை 1975இல் க்ளிக்மன், வில்லிஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். மங்கு போன்ற கருமைக்குச் சில கிழமைகளுக்கு, மருத்துவரின் பார்வையில் கொடுப்பதற்கானது அது. முதல் இரண்டும் தோலைக் காயவைத்து எரிக்கக்கூடியவை. அந்த எரிவை அடக்கத்தான் ஸ்டெரொயிட். வாசகர்கள் இதை நன்றாகக் கவனிக்கவேண்டும். எரிவை மறைக்கும் மருந்து உள்ளேயே இருப்பதால், கெடுதல் நடப்பது பூசுகிறவருக்குத் தெரியாது. பளபளப்பு மட்டும் தெரியும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் முகம் சிவந்து எரியும், பரு கிளம்பும். மெலிந்த தோலில் வெயில் பட்டால் முன்னையைவிடக் கறுக்கும். மீண்டும் பூசினால் அடங்கும். கடனை அடைக்கக் கடன் வாங்குகிற கணக்கு இது. வட்டி முகத்தில் ஏறுகிறது.

இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கு 'ஸ்டெரொயிட்டால் கெட்ட முகம்' என்று பொருள்படும் பெயரையே வைத்துவிட்டார்கள். அவர்கள் தொடர்ந்து குரல் கொடுத்ததால் 2018இல் இந்திய அரசு 14 ஸ்டெரொயிட் கிறீம்களை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. இன்னொரு கலவையும் அங்கே சுற்றுகிறது. படர்தாமரைக்கென்று க்ளோபெற்றசோலும் பங்கசு மருந்தும் அன்ரிபயோற்றிக்கும் சேர்ந்தது. ஸ்டெரொயிட் சொறிவை நிறுத்தும், பங்கசு உள்ளே ஆறுதலாகப் பரவும். படர்தாமரையின் வட்ட வடிவமே மறைந்துபோவதால் மருத்துவருக்கும் அடையாளம் தெரியாமல் போகும். கனடாவிலும் சீட்டில்லாமல் விற்ற வெள்ளையாக்கும் கிறீம்களில் க்ளோபெற்றசோல், பீற்றாமெதசோன், பாதரசம் இருந்ததாகக் கனேடியச் சுகாதாரத் திணைக்களம் பலமுறை எச்சரித்திருக்கிறது. கடைக்காரர் எங்கள் ஆள்தானே என்ற நம்பிக்கையில் வாங்கவேண்டாம். அவரும் பெட்டியில் உள்ளதை வாசித்திருக்க மாட்டார்.

அளவு விடயத்தில் எங்கள் ஆட்கள் ஒரு கணக்குப் பிழை விடுகிறார்கள். 1 வீத ஹைட்ரோகோட்டிசோனைப் பார்த்து, 0.05 வீத க்ளோபெற்றசோல் அதைவிட மென்மையானது என்று நினைக்கிறார்கள். 100 ரூபாயைவிட 5 டொலர் சிறிய காசு என்று சொல்வது போன்றது இது. க்ளோபெற்றசோல் ஹைட்ரோகோட்டிசோனைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வலுவானது. கிழமைக்கு 50 கிராமுக்கு மேல் போகக்கூடாது, தொடர்ந்து இரண்டு கிழமைக்கு மேல் பூசக்கூடாது என்று அதன் தாளிலேயே எழுதியிருக்கும். கியூபெக்கிலும் மற்ற மாகாணங்களிலும் 1 வீதம் வரையான ஹைட்ரோகோட்டிசோனை மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கலாம். பீற்றாமெதசோன், மொமெற்றசோன், க்ளோபெற்றசோல் எல்லாவற்றுக்கும் சீட்டு வேண்டும்.

பூசும் இடமும் முக்கியம். 1967இல் ஹைட்ரோகோட்டிசோனை வைத்து அளந்து பார்த்தார்கள். முன்கையின் உட்புறம் உறிஞ்சுவதை 1 என்று வைத்தால், உள்ளங்கால் ஏறத்தாழ 0.14, உச்சந்தலை 3.5, நெற்றி 6, தாடை 13, விதைப்பை 42. முழங்கைக்குத் தந்த மருந்தை முகத்துக்குப் பூசும் அக்காமாரும், இடுப்புக்குக் கீழே பூசும் அண்ணாமாரும் இந்த எண்களை மனதில் வைத்திருக்கவேண்டும். சுட்டுவிரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை நீட்டிப் பிதுக்கினால் ஏறத்தாழ அரைக் கிராம். வளர்ந்த ஒருவரின் இரண்டு உள்ளங்கை அளவான இடத்துக்கு அது போதும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டுப் பிள்ளையின் எக்ஸிமாவுக்கு மருத்துவர் எழுதித் தந்த ஹைட்ரோகோட்டிசோனைக் குப்பையில் போடுகிறவர்களும் இருப்பார்கள். அது மற்றப் பக்கப் பிழை. இரவிரவாகச் சொறிந்து நித்திரையில்லாமல் கிடக்கும் பிள்ளைக்கு, சொன்ன அளவில் சொன்ன நாளுக்குப் பூசும் மென்மையான கிறீம் நன்மையே செய்யும். நான் பார்த்த வீடுகளில் பயத்தில் பூசாமல் விட்டதால் தோல் புண்ணாகிச் சீழ் பிடித்த கதைகளும் உண்டு. அதுபோல, மாத்திரையாகப் பிரெட்னிசோன் கிழமைக்கணக்கில் எடுப்பவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. வெளியிலிருந்து வந்ததால் உறங்கிப்போன அதிரீனல் சுரப்பி விழிக்க நேரம் எடுக்கும். நீண்ட காலம் முகத்தில் வலுவான கிறீம் பூசியவர்களும் மருத்துவரைக் கேட்டே குறைக்கவேண்டும். நிறுத்தியதும் வரும் கடும் எரிவுபற்றி பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2021இல் தனியே எச்சரித்திருக்கிறது.

வெயிலில் எரிந்த தோலுக்கு ஸ்டெரொயிட் பூசலாமா என்று கேட்பவர்களுக்கு: எரிந்து சில மணி நேரம் கழித்துப் பூசிப் பார்த்த ஆய்வில் சொல்லத்தக்க பலன் கிடைக்கவில்லை. டி.என்.ஏ.யில் விழுந்த சேதம் ஏற்கெனவே விழுந்துவிட்டது. ஈரத்துணியும் நிழலும் போதும்.

இங்குள்ள வெயிலின் கணக்கு

யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகைக்குள். மொன்றியல் 45 பாகைக்கு மேல். இங்கே கார்த்திகை தொடக்கம் மாசிவரை சூரியன் மிகச் சரிந்து நிற்பதால் 'பி' வகைக் கதிர் தோலில் விற்றமின் டி செய்யப் போதாது. 1988இல் எங்களுக்குத் தெற்கே உள்ள பொஸ்ரனிலேயே இதைச் சோதித்துக் காட்டினார்கள். கறுத்த தோலுக்குக் கோடையிலும் கூடுதல் நேரம் வேண்டும். கியூபெக்கில் ஒருகாலம் பிள்ளைகளின் கால் வளையும் வருத்தம் இருந்தது. மக்கில் பல்கலைக்கழக மருத்துவர் சார்ள்ஸ் ஸ்க்ரைவரும் அவரோடு இருந்தவர்களும் வற்புறுத்தி, 1970களில் பாலில் விற்றமின் டி சேர்க்கவைத்த பிறகே அது ஒழிந்தது. இன்று கனடாவின் பரிந்துரை 70 வயதுவரை நாளுக்கு 600 அலகு, அதற்கு மேல் 800, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு 400. ஸ்டெரொயிட் மாத்திரை எலும்பைக் கரைப்பதால், அதை எடுப்பவர்கள் தங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்கவேண்டும்.

கோடையில் நிலைமை வேறு. உச்சி நேரத்தில் இங்கே புறஊதாச் சுட்டெண் 8 வரை போகும். அந்தச் சுட்டெண்ணே கனேடிய விஞ்ஞானிகள் 1992இல் தந்தது. வின்ரரிலும் புதுப்பனி கதிரில் 80 வீதம்வரை திருப்பி அடிக்கும். பனியில் பிள்ளைகளோடு நாள் முழுக்கச் சறுக்கப் போகிறவர்கள் முகத்துக்கு ஏதாவது பூசிக்கொள்வது நல்லது. லூப்பஸ் வருத்தம் உள்ளவர்களுக்கு வெயில் வெறும் எரிவோடு நிற்காது. கதிரால் சாகும் கெரட்டினோசைற்றுகள் கருவுக்குள் இருக்கவேண்டிய புரதங்களை வெளியே காட்ட, உடம்பு அவற்றை எதிரியாக எண்ணித் தாக்கும். சிறுநீரகம்வரை வருத்தம் கிளம்பலாம். எங்கள் பெண்களிடையே இந்த வருத்தம் அபூர்வமல்ல.

ஓசோன் படையைக் காக்கும் உடன்படிக்கை இந்த நகரின் பெயரில் இருப்பது பலருக்குத் தெரியும். மொன்றியலில் அது கையெழுத்தானது 1987 செப்ரெம்பர் 16. நல்லூரில் திலீபன் உண்ணாவிரதத்தின் இரண்டாம் நாள் அது. அன்று எங்களில் எவரும் வானத்தின் ஓசோனை நினைத்திருக்க மாட்டோம். குளிர்சாதனப் பெட்டிகளிலும் ஸ்பிரே தகரங்களிலும் இருந்த வாயுக்களைப் படிப்படியாக நிறுத்த அந்த உடன்படிக்கை வழிசெய்தது. இல்லையென்றால் எங்கள் பிள்ளைகளின் தோலில் விழும் 'பி' வகைக் கதிர் இன்று இன்னும் கூடியிருக்கும்.

அந்தத் தங்கச்சியிடம் ரியூப்பை எடுத்துக்கொண்டு முதலில் பக்கத்து மருந்தாளரிடம் போகச் சொன்னேன். கியூபெக்கில் மருந்தாளரோடு கதைக்கக் காசு இல்லை, நேரமும் பதியத் தேவையில்லை. 811க்கு எடுத்தால் தாதி ஒருவரோடும் கதைக்கலாம். பெட்டியை எறியாமல் கொண்டுபோகவேண்டும். உள்ளே என்ன இருந்தது என்பது தெரிந்தால்தான் எப்படிக் குறைப்பது என்று அவர்களால் சொல்லமுடியும். இப்போது அவவுக்குத் தோல் மருத்துவர் ஒருவர் பார்க்கிறார். முகம் தெளிய மாதக்கணக்கு ஆகும் என்று சொல்லியிருக்கிறாராம். இந்த முறை கொண்டுவந்த பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் கணக்கில் போட முடிந்தது.